இரண்டு சத்தியம், ஒற்றை ஓட்டு

இந்த வட்டாரத்தில் மைக்கில் பேசியவர் யாராக இருந்தாலும் என் ஸ்பீக்கர் குழாய் வழியாகத்தான் பேசியிருக்கிறார். இந்தப் பக்கம் தியாகராய நகர், அந்தப் பக்கம் அடையாறு பாலம், நடுவே மயிலாப்பூர். கல்யாணமோ, துணிக்கடைத் திறப்போ, தேர்தலோ, என் சவுண்டு சர்வீஸ் இல்லாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் அவரை என் கடைக்குக் கூட்டி வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன். நான்காம் வகுப்போடு நின்றவன் நான். சீரியல் பல்பு கட்டக் கம்பத்தில் ஏறியவன். இன்றைக்கு எனக்கு டெம்போக்கள் இருக்கின்றன, ஜெனரேட்டர் வண்டி இருக்கிறது, சாமியானா சாமான் போட்டு வைக்கக் கிடங்கு இருக்கிறது, ராஜா அண்ணாமலைபுரத்தில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் சொந்த ஃபிளாட் இருக்கிறது. யாரும் தூக்கிவிடவில்லை. நானாக ஏறினேன்.

ஏறிய இடத்தில் உட்காரத்தான் முடியவில்லை. விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஃபிளாட்டில் வாட்ச்மேன் கேட்பார், வாக்கிங்கா சார் என்று. வாக்கிங் என்ன வாக்கிங். நேரே மயிலாப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், தங்கச்சியின் இட்லி வண்டி நிற்கிறதா என்று பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள். புருஷன் போய் வெகு காலமாயிற்று. பிள்ளை இல்லை. கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில், நான் பிறந்து வளர்ந்த அதே சந்தில், ஒற்றை ஆளாக இருக்கிறாள். நடைபாதையில் ஒரு வேப்ப மரம், அதன் கீழே அவள் வண்டி. பஸ் டிரைவர்களும் கண்டக்டர்களும் அங்கே நின்றுதான் சாப்பிடுவார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் பூக்கடை, பழக்கடை, செருப்பு தைப்பவர், அந்தப் பக்கம் பிளாஸ்டிக் சாமான், நைட்டி. எல்லாம் எங்கள் குடியிருப்பு ஜனங்கள். ஃபிளாட்டுக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "உன் வூட்ல குந்திக்கினு நான் இன்னா பண்றது? அடுப்பு மூட்டுனாத்தான் எனக்குப் பொழுதே விடியும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. நடைபாதைக் கடைகளை எல்லாம் எடுத்துவிட்டு, பின்னால் ஒரு சந்தில் கட்டிப் போட்டிருந்த கட்டடத்தின் மாடிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. அந்த மாடிக்கு யார் ஏறி வந்து இட்லி சாப்பிடுவார்கள்? டிரைவருக்கு பஸ் திருப்புகிற நேரம்தான் சாப்பாட்டு நேரம். படி ஏறி இறங்குவதற்குள் டைம் கீப்பர் விசில் ஊதிவிடுவார். தங்கச்சிக்கு அந்த மரத்தடி போனால் பிழைப்பே போயிற்று. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், சாப்பிடுகிற டிரைவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சித் தேர்தல் வந்தது. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கடைகளை எடுப்பதா விடுவதா என்பதில் கவுன்சிலர் பேச்சுக்கு எடை உண்டு. நம்ம ஆள் வந்தால் கடை நிற்கும், வேறு ஆள் வந்தால் போகும், அவ்வளவுதான் கணக்கு. குடியிருப்பும் நடைபாதையும் சேர்ந்து நின்றால் அந்த வார்டில் எங்களை ஜெயிக்க ஆள் கிடையாது. இதை நான் கடை வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். கணக்கில் வைக்கத் தக்கவர்கள் மூன்று பேர்.

முதலாவது, டேங்கர்காரர் பெண்டாட்டி. நின்றது அந்தம்மா, ஆனால் போஸ்டரில் அவரைவிடப் புருஷன் படம்தான் பெரியது. தண்ணீர் லாரி ஓட்டிச் சம்பாதித்த மனுஷன். தண்ணிப் பஞ்சத்தில் குடியிருப்புக்கு லாரி அனுப்பினார், வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பிரட் பாக்கெட்டோடு வந்தார். அது உண்மை, இல்லையென்று சொல்ல மாட்டேன். என் கடைக்கு வந்தபோது காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கிடந்த ஒயர் பண்டலின் மேல் உட்கார்ந்தார்.

"நைனா, நான் தலைவன் கிடையாது. உங்க வூட்டுப் புள்ள. பிளாட்பாரத்துல ஒருத்தன் கை வெச்சான்னா அந்தக் கை இருக்காது. ஜெயிச்ச மறுநாள் காத்தால ஒவ்வொருத்தருக்கும் ஷட்டர் போட்ட கடை. உள்ள ஃபேன்."

"மரத்துக்கு அடியில ஷட்டர் எங்கப்பா வைப்ப?" என்று கேட்டேன்.

"மரமே வேணாம் நைனா. ஏசி கடை போட்டுக் குடுக்கறேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்படிச் சிரிக்கிறவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது, அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

இரண்டாவது, பூக்காரம்மா. தங்கச்சி வண்டிக்குப் பக்கத்திலேயே பூ விற்கிறவள். தொண்டை என்றால் தொண்டை, என் பெரிய குழாய்க்கு ஈடு. கடைகளை எடுக்க ஆபீசர் வந்த ஒருநாள், நடு ரோட்டில் கூடையை வைத்துவிட்டுக் கூடைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டவள். அதற்குப் பிறகு நடைபாதைக்காரர்கள் சேர்ந்து, நீயே நில்லு என்று சுயேச்சையாக நிறுத்திவிட்டார்கள். அவளிடம் போஸ்டருக்கே வழி இல்லை. நான்தான் ஆட்டோவில் குழாய் கட்டிக் கொடுத்தேன். டேங்கர்காரருக்கும் அதே குழாய், அதே ஆம்ப்ளிஃபயர். என் தொழிலில் அது ஒரு தர்மம். ஒருவருக்குக் கணீரென்றும் இன்னொருவருக்குக் கரகரவென்றும் வைக்க மாட்டேன்.

மூன்றாவது, பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. கோயில் குளத்தைச் சுற்றியிருக்கிற தெருக்களில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். ஒரு கட்சி நிறுத்தியது. அடுக்குமாடிக்காரர்கள் எல்லாம் அவருக்குத்தான். அவரும் என்னிடம்தான் மைக் எடுத்தார். மைக்கில் பேசத் தெரியாது, மைக்கை விட்டுத் தள்ளி நின்று பேசினார், நான் போய்க் கிட்டே தள்ளி வைத்தேன். "நடைபாதை நடக்கறதுக்குத்தானே இருக்கு? வயசானவா ரோட்டுல இறங்கி நடக்கறா, பஸ் மோதறது. கடைக்காராளுக்கு வேற இடம் குடுத்தாச்சு. அங்க அவா போகணும்" என்றார். எங்கள் ஜனங்களின் எதிரிலேயே சொன்னார். பொய் பேசவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷி.

ஆக, எங்களுக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர், வேண்டாதவர் ஒருவர். இதில் என்ன குழப்பம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் டேங்கர்காரரின் ஆட்கள் குடியிருப்புக்குள் வந்தார்கள். எல்லாம் பெண்கள், ஒரே நிறத்தில் சேலை. வீட்டுக்கு வீடு ஹாட் பாக்ஸ். ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வந்தார்கள். கொடுத்ததோடு போகவில்லை. தட்டில் கற்பூரம் ஏற்றி, "கை வெச்சு சத்தியம் பண்ணுக்கா, எங்க சின்னத்துக்குத்தான்னு" என்று கேட்டார்கள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கற்பூரத்துக்கு மட்டும் கையை மடக்கிக்கொள்ள எந்தப் பெண்ணால் முடியும்? எல்லோரும் செய்தார்கள். தங்கச்சிக்கு இரண்டு ஹாட் பாக்ஸ் கிடைத்தது, இட்லிக் கடைக்காரி என்பதால்.

சேதி பூக்காரம்மா காதுக்குப் போயிற்று. கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் சந்துக்குள் நுழைந்தாள். அவளிடம் கொடுக்க என்ன இருக்கிறது, பூதான். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு முழம் மல்லியை வைத்தாள். புருஷன் இல்லாதவர்கள் தலையிலும் வைத்தாள், அதற்கே பலர் கண் கலங்கிவிட்டார்கள். வைத்துவிட்டு அவர்கள் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"எந்தலைல அட்ச்சு சத்தியம் பண்ணு. எனக்குப் போடாம டேங்கருக்குப் போட்டன்னா நான் செத்துப் பூடணும்."

தங்கச்சி பிறகு என்னிடம் சொன்னாள்: "நான் இன்னாண்ணே பண்றது? பக்கத்துக் கடைக்காரி. தெனமும் அவ மூஞ்சிலதான் முழிக்கிறேன். வேணாம்னு கைய இழுத்துக்க முடியுமா?"

அன்றிலிருந்து குடியிருப்பில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கற்பூரத்தின் மேல் ஒரு சத்தியம், உயிரோடு இருக்கிறவள் தலைமேல் ஒரு சத்தியம். எதை உடைப்பது? குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் இதையே பேசினார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது, சத்தியத்தால்தான் என்றார்கள். ஓட்டே இன்னும் போடவில்லையேடி என்று யாரோ கேட்டதற்கு, நினைத்ததற்கே வந்துவிட்டது என்று பதில்.

கடைசியில் என்னிடம்தான் வந்தார்கள். எங்கள் ஜனத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டையா, மாமியார் மருமகள் சண்டையா, என் கடை வாசலில்தான் தீரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிடங்கிலிருந்து நாற்காலிகளை இறக்கிப் போட்டேன், கல்யாணத்துக்குப் போடுகிற, கவர் மாட்டிய நாற்காலிகள். எல்லோரையும் உட்கார வைத்தேன். டீ சொன்னேன்.

"பாத்திரத்தத் திருப்பிக் குட்த்துடலாம்" என்றாள் ஒருத்தி.

"நீ சாம்பார் ஊத்தி வெச்சுட்ட. கறையோட குடுப்பியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பாத்திரம் திரும்பிப் பூடும். கற்பூரம் திரும்பிப் போவுமா?" என்றார் செருப்பு தைக்கிற பெரியவர்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? பூக்காரம்மாவ வாபஸ் வாங்கச் சொல்லு அண்ணாத்த" என்று நைட்டிக் கடைக்காரன் குரல் கொடுத்தான். உடனே பாதிப் பேர் எழுந்து அவனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டேங்கர்காரரை வாங்கச் சொல் என்று பாதி, பூக்காரம்மாவை வாங்கச் சொல் என்று பாதி. வாபஸ் தேதி எப்போதோ போய்விட்டது, அதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் கையைத் தூக்கினேன். சத்தம் அடங்கியது. அதற்கு மைக் தேவையில்லை எனக்கு.

"ஒரு வூட்ல எத்தினி ஓட்டு கீது? புருஷன், பொண்டாட்டி, புள்ள, மருமவ. ரெண்டாப் பிரி. பாதி அங்க, பாதி இங்க. வூடுதானே சத்தியம் பண்ணுச்சு? வூடு ரெண்டு பேருக்கும் போட்டாச்சு. கற்பூரமும் அவியாது, பூக்காரம்மா தலையும் உருளாது. ரெண்டு பேருமே நம்ம ஆளு. எவ வந்தாலும் கடை நிக்கும்."

செருப்பு தைக்கிற பெரியவர் தொடையில் தட்டி, "இதாண்டா நாயம்" என்றார். அத்தனை பேர் முகமும் தெளிந்தது. வக்கீலிடம் போயிருந்தால் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்குமா? கோர்ட்டில் கிடைக்காதது என் கடை வாசலில் கிடைத்தது. எந்த வீட்டில் யார் யாருக்கு என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டார்கள். நீ பூவுக்குப் போடு, நான் டேங்கருக்குப் போடுறேன் என்று மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் தங்கச்சி பின் வரிசையிலிருந்து கேட்டாள். "ஒத்த ஆளா கீறவ இன்னாண்ணே பண்றது? என் ஓட்ட எப்டிப் பிரிக்கிறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பாண்டி பஜாரில் துணிக்கடைத் திறப்பு, மேடையில் கரண்ட் போய்விட்டது, நடிகை வந்து காரில் உட்கார்ந்திருக்கிறார் என்று போன் வந்தது. "ஒத்த ஆளு மனசுக்குப் பட்டதப் போடு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தேன். அந்தத் துணிக்கடை மேடையை நான் போய் எப்படி உயிர்ப்பித்தேன் என்பது வேறு கதை.

ஓட்டுப் போட்ட அன்று நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்கூல் வாசல், பஸ் ஸ்டாண்டு, கால்வாய்ப் பாலம், திரும்ப ஸ்கூல் வாசல். போலீஸ்காரர் ஒருவர், "பெரியவரே, ஓட்டுப் போட்டாச்சா? போட்டாச்சுன்னா வூட்டுக்குப் போங்க" என்றார். தங்கச்சி வரிசையில் நின்றதைப் பார்த்தேன். தலையில் பூ இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வெளியே வந்து, மை வைத்த விரலைத் தூக்கி முதலில் பூக்காரம்மாவிடம் காட்டினாள், பிறகு தெரு ஓரத்தில் நின்ற டேங்கர்காரரிடம் காட்டினாள். இருவரும் கும்பிட்டார்கள். நான் சிரித்துக்கொண்டேன்.

ஓட்டு எண்ணுகிற அன்று காலேஜ் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். உள்ளே அறிவிக்கிற மைக்கும் நம்முடையதுதான், தெளிவாகக் கேட்டது. முதல் ரவுண்டில் பூக்காரம்மா முந்தினாள், எங்கள் ஜனம் விசிலடித்தது. அடுத்ததில் டேங்கர், அதற்கும் அதே ஜனம் விசிலடித்தது. இரண்டு பேருமே நம்ம ஆள் அல்லவா. கடைசியில் பேங்க் அம்மா பெயரைச் சொன்னார்கள். விசிலடிக்க எடுத்த விரல் வாயிலேயே நின்றுவிட்டது. தோற்ற இருவரும் கிட்டத்தட்டச் சரிசமம். இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்காருகிற கூட்டம்தான். இருவரும் சேர்ந்து வாங்கியது பேங்க் அம்மா வாங்கியதைவிட மலைபோல அதிகம். ஆனால் ஜெயித்தது பேங்க் அம்மாதான். அதுவும் பெரிய வித்தியாசத்தில் இல்லை, ரெண்டு சந்து ஜனம் திரும்பியிருந்தால் மாறியிருக்கும்.

"ஓட்டப் பிரிச்சுட்டியேடி பாவி!" என்று டேங்கர்காரர் ஆட்கள் பூக்காரம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள்.

"நான் பிரிச்சேனா? ஹாட் பாக்ஸக் குட்த்து நீங்க பிரிச்சீங்களா? கூட வந்து கூடைல குந்துனியா நீ?" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

என்னைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. நியாயம் நியாயம்தான். இரண்டில் ஒருத்திக்கு மட்டும் போட்டிருந்தால் மற்றவளுக்குச் செய்த சத்தியம் பொய்யாகியிருக்கும். இன்றைக்கும் யாராவது அப்படி ஒரு சிக்கலோடு வந்தால் இதே தீர்ப்பைத்தான் சொல்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், சாப்பாடு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நாளில், கடைகளை எடுக்கப்போகிறோம் என்று நடைபாதையில் அறிவிப்பு ஒட்டினார்கள். வேப்ப மரத்திலேயே ஒன்றை ஒட்டியிருந்தார்கள். தங்கச்சி இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டரைக்கூட ஸ்டாண்டு போடாமல் கத்தினேன்.

"நம்ம ஜனத்துல எவனோ துரோகம் பண்ணிக் கீறான்! பிரிச்சுப் போட்டாலும் அந்தம்மாக்கு இவ்ளோ வரக்கூடாது. குடியிருப்புலேர்ந்தே போய்க் கீது ஓட்டு. எவன்னு மட்டும் தெரியட்டும்!"

"எவனும் இல்ல. எவதான்" என்றாள் தங்கச்சி. "நான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. ஒரு டிரைவர் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குச் சட்னி ஊற்றிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினாள்.

"ஒன்னத்தான் கேட்டேன், ஒத்த ஓட்ட எப்டிப் பிரிக்கிறதுன்னு. ஸ்கூட்டர ஒதச்சுக்கினு பூட்ட. பூவுக்குப் போட்டா கற்பூரம் பொய். டேங்கருக்குப் போட்டா அவ தலை. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல? ரெண்டு பேருக்குமே போடல."

"அதுக்கு? போவாமலே இருந்துருக்கலாமே!"

"வெரல்ல மை இல்லன்னா ரெண்டு பேரும் வுடுவாங்களா? யாரும் வேணாம்னு ஒரு பட்டன் இருக்கும்ல, அத்தத் தேடுனேன். அது பெரிய எலக்சனுக்குத்தானாம், அந்தப் பொட்டில இல்ல. பேங்க்கு அம்மா ஒருத்திதான் ஒண்ணும் குடுக்காம, சத்தியமும் கேக்காம கும்புட்டுட்டுப் போச்சு. அதுக்கு அமுக்கிட்டேன்."

"உன் கடையப் புடுங்கறேன்னு மைக்ல சொன்னவளுக்கா? நான் வெச்ச மைக்ல சொன்னவளுக்கா?"

"கடை எனக்குத்தானே போவுது. டேங்கருக்குப் போட்டு பூக்காரம்மா தலை போனா?"

அவள் அதோடு விடவில்லை. "நீ ஃபிளாட்டுக்குப் பூட்ட. ஒனக்கு இந்த வார்டுல ஓட்டே இல்ல. நாட்டாமை மட்டும் இங்க வந்து பண்ற" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவருக்குப் புரையேறிவிட்டது, சிரிப்பில்.

அது வாஸ்தவம். என் ஓட்டு ராஜா அண்ணாமலைபுரத்துப் பக்கம், அது வேறு வார்டு. அதனால் என்ன? ஓட்டு இருக்கிறவனெல்லாம் இந்த ஜனத்துக்கு என்ன கிழித்தான்?

சும்மா இருப்பவனா நான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு நேராகக் கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். பேங்க் அம்மா மரியாதையாக உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். வாசலில் எங்கள் ஜனம் வேறு பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நான் ஆரம்பித்தேன், என் தொழில், என் வளர்ச்சி, இந்த ஊருக்கு நான் செய்தது எல்லாம். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தங்கச்சியைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார்.

"நான் ஒனக்குத்தாம்மா போட்டேன்" என்றாள் தங்கச்சி.

அந்தம்மா சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை, களைத்துப் போன சிரிப்பு. "காலைலேர்ந்து இங்க வந்தவா அத்தனை பேரும் எனக்குத்தான் போட்டேன்னு சொல்றா. கேட்டுண்டேதான் இருக்கேன். எல்லாரும் எனக்கே போட்டிருந்தா எனக்கு எதிரா நின்னவா டெபாசிட்டே வாங்கியிருக்க மாட்டாளே?"

"கற்பூரத்து மேல வேணா கை வெச்சுச் சொல்றேன்" என்று தங்கச்சி சொல்லிவிட்டு, சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டாள். அந்தச் சொல் அவளுக்கே கசந்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுந்துவிட்டாள்.

நான் விடவில்லை. "மேடம், இவ ஒருத்தி சொல்றதுதான் நெசம். மத்தவன் எல்லாம் டபாய்க்கிறான்" என்றேன். வாசலில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுவிட்டார்கள். என் குரல் அப்படி.

"எனக்குப் போட்டாளோ போடலையோ, அதுக்காகச் செய்யறது தப்பு" என்றார் அந்தம்மா. "நடைபாதையக் காலி பண்றேன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். அப்படிச் சொன்னதுக்குத்தானே நீ போட்ட? மாடியில உனக்குப் படிக்கட்டுப் பக்கம் இடம் தரச் சொல்றேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது சில நாள் கிடைத்த மாதிரி இருக்கும், சிக்னல் விழுந்ததும் நழுவிவிடும்.

லாரி ஒரு காலையில் வந்தது. ஆட்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். தங்கச்சி அடுப்பை அணைத்து, மிச்சம் இருந்த இட்லியை அவர்களுக்கே கொடுத்துவிட்டு, வண்டியை விட்டு விலகி நின்றாள். பூக்காரம்மா இந்த முறை கூடைக்குள் உட்காரவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்துவிட்டாள். என் கடை வாசலில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை எல்லாம் அன்றைக்கே உள்ளே தள்ளி, தரையைக் கழுவி விட்டு, "இங்க போடு, எவன் கேப்பான்?" என்றேன். தங்கச்சி வந்து பார்த்தாள்.

"இங்க பஸ் வருமா?"

"வராது."

"அப்ப இங்க நான் யாருக்கு ஊத்தறது, ஒனக்கா?"

மாடிக்கும் அவள் போகவில்லை. இப்போது எப்படி விற்கிறாள் தெரியுமா? அந்த இரண்டு ஹாட் பாக்ஸ் இருக்கிறதே, சத்தியத்தோடு வந்தது, அதில் இட்லி. ஒரு தூக்கில் சட்னி. வண்டி கிடையாது, அடுப்பு கிடையாது, கீழே வைப்பதே கிடையாது. பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றுகொண்டே கொடுக்கிறாள். யாராவது அதட்டினால் நடக்க ஆரம்பித்துவிடுகிறாள். நடைபாதை நடப்பதற்குத்தானே. இப்போது அது அகலமாக, கல் பதித்து, நன்றாகத்தான் இருக்கிறது. பேங்க் அம்மாவே ஒருநாள் அந்த வழியாக நடந்து வந்து, தங்கச்சியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாராம்.

பழைய வியாபாரத்தில் பாதிகூட இல்லை. கால் வீங்கிவிடுகிறது. சொன்னால் கேட்க மாட்டாள்.

எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. குடியிருப்பில் ஒற்றை ஆளாக இருக்கிற பெண்கள் இவள் மட்டுமா? சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். கை பிடித்துச் சத்தியம் வாங்கப்பட்டவர்கள் எல்லோரும்தான். அவர்கள் யாருக்கு அமுக்கினார்கள்? குழாயடியில் பார்க்கிறபோது கேட்கிறேன். "இன்னா நைனா, இப்பப் போய்" என்று சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றுகிறார்கள். இவ்வளவு ஜனத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டவன் நான், அந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தெரியவே இல்லை.

நேற்றுக் காலையும் ஸ்கூட்டரில் போனேன். மழை பெய்து கல் பளபளவென்றிருந்தது. தங்கச்சி ஒரு கையில் ஹாட் பாக்ஸ், ஒரு கையில் தூக்கோடு மரத்தடியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். வண்டியை ஓரம் கட்டி, கொடு நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். பெட்டியைக் கொடுத்தாள். கனமாகத்தான் இருந்தது. பஸ் ஒன்று திரும்பி வந்து நின்றது, டிரைவர் ஜன்னல் வழியாகவே கையை நீட்டினார்.

"கீழ மட்டும் வெக்காத. நடந்துக்கினே இரு" என்றாள் தங்கச்சி.

நடந்தேன்.